ஸ்பாஸுக்கு முந்திய ஆப்பிள்

கோடை பிறந்தால் தெக்லா ஆப்பிளைத் தொடமாட்டாள். எங்கள் போதீலியாப் பக்கத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் எல்லோருக்கும் உள்ள நோன்புதான் இது. ஆண்டவர் மலைமேல் ஒளியாய் உருமாறிய திருநாளை நாங்கள் ஸ்பாஸ் என்போம். அன்று கோயில் வாசலில் சாமியார் கூடைகளை மந்திரித்த பிறகுதான் புது ஆப்பிளில் யார் பல்லும் படலாம். மோட்சத்தில் அன்றைக்குத்தான் இறந்த குழந்தைகளுக்கு ஆப்பிள் பங்கு வைக்கிறார்களாம். எந்தத் தாயாவது நாக்கை அடக்க முடியாமல் முன்கூட்டியே தின்றுவிட்டால், அவள் பிள்ளை கை நீட்டும்போது, "உன் பங்கைப் பன்றி தின்றுவிட்டது" என்று அனுப்பிவிடுவார்களாம். வேதாகமத்தை அட்டை முதல் அட்டை வரை புரட்டினாலும் இது கிடைக்காது. ஆனால் விசுவாசப் பிரமாணத்தைப் பாதியில் விழுங்குகிறவள்கூட எங்கள் ஊரில் இதை மட்டும் பிசகாமல் சொல்வாள்.

தெக்லா கூட்டுப் பண்ணையின் பீட்ரூட் வயலில் முதுகு வளைந்தவள். பிறகு பள்ளிக்கூடச் சமையற்கட்டில் அகப்பை பிடித்தாள். அவள் அள்ளி ஊற்றினால் தட்டு வழியும். மேலதிகாரி வந்து அளவு பேசினால், "அளவு உங்க வயித்துக்கு இருக்கட்டும், பிள்ளைங்க வயித்துக்கு நான் இருக்கேன்" என்பாள். கணவன் பனாஸ் குடித்தே போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் உஸ்தினா அதற்கும் வெகுகாலம் முன்பே, நாலு வயதில், காய்ச்சலில் போய்விட்டாள். கடவுளை ஒப்பாத அரசாங்கம் எங்கள் கோயிலைப் பூட்டி, பண்ணையின் தானியக் கிடங்காக ஆக்கியிருந்த காலம் அது. சாமியார் கிடையாது, மணியோசை கிடையாது, சந்தேகம் கேட்க ஒரு நாதி கிடையாது. பெண்கள் தங்களுக்குத் தெரிந்ததைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். தெக்லா பிடித்துக்கொண்டது இந்த நோன்பை. மகளை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவள் அழுது ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை.

வினை நாள்காட்டி வடிவில் வந்தது. மாஸ்கோக்காரர்களோடு சண்டை மூண்ட பிறகு, அவர்களோடு சேர்ந்து திருநாள் கொண்டாடுவது எதற்கு என்று எங்கள் திருச்சபை பழைய நாள்காட்டியைக் கைவிட்டது. கிறிஸ்துமஸ் நகர்ந்தது. ஸ்பாஸும் ஆகஸ்ட் பத்தொன்பதிலிருந்து ஆறாம் தேதிக்கு வந்துவிட்டது. சினோவி சாமியார் பூசையில் அறிவித்தபோது கிழடுகள் முணுமுணுத்தன. தெக்லா முணுமுணுக்கவில்லை. சாமியார் சொன்னால் சரிதானே! ஆறாம் தேதி கூடையைக் கொண்டுபோய் மந்திரித்து வாங்கினாள். வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒன்றைக் கடித்தாள். ஒவ்வொரு வருஷமும் அந்த முதல் கடியில்தான் அவளுக்கு மூச்சு வரும். மகள் கைக்கு ஆப்பிள் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு ஒதார்கா வேலியோரம் நின்றிருந்தாள். பழைய தேதியை விடமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறவள்.

"என்னடி, வாய் அசையுது?"

"ஸ்பாஸ் ஆப்பிள் அக்கா. இந்தா, நீயும் ஒண்ணு எடு."

"எந்த ஸ்பாஸ்? நிஜ ஸ்பாஸுக்கு இன்னும் ரெண்டு வாரம் கிடக்கு."

"சாமிதான் மந்திரிச்சாரே?"

"சாமி இங்க தேதிய மாத்திடுவாரு. மேல இருக்கிறவங்களுக்கு யாரு போய்ச் சொன்னா? உன் பொண்ணு போனப்ப ஸ்பாஸ் எந்தத் தேதியோ, அந்தத் தேதிக்குத்தான் அங்க வந்து கைய நீட்டுவா. நீ அவ பங்க இப்பவே முழுங்கிட்டு நிக்கிற!"

ஒதார்கா கெட்டவள் இல்லை. நாக்குக்கு எலும்பில்லை, அவ்வளவுதான். பாதி விளையாட்டாகச் சொல்லிவிட்டு அவள் கோழிக்குத் தீனி போடப் போய்விட்டாள். தெக்லா வாயிலிருந்ததைத் துப்பினாள். கிணற்றடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தாள், மறுபடியும் கொப்பளித்தாள். உள்ளே போனதை என்ன செய்வது? இத்தனை வருஷம் காத்துவிட்டுக் கடைசியில் தன் கையாலேயே பிள்ளையின் பங்கைப் பறித்துவிட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. வரிசையில் நின்று கை நீட்டி, வெறுங்கையோடு திரும்புகிற நாலு வயதுப் பிள்ளைதான் கண்ணுக்குள் நின்றது.

தாங்க முடியாமல் சாமியாரைத் தேடிப் போனாள். அவர் கோயிலுக்குப் பின்னால் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும். மோட்சத்துல எந்தக் காலண்டர்?"

சாமியார் வாய்விட்டுச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். அவள் சொன்னதையெல்லாம் கேட்டார்.

"தெக்லாம்மா, நீங்க தின்னதால உங்க பிள்ளைக்கு ஒண்ணும் குறையல. இத்தனை வருஷம் தின்னாம இருந்ததால ஒண்ணும் கூடவும் இல்ல. நம்ம நோன்புக்குக் கூலியாத்தான் மோட்சம்னா, ஆண்டவர் எதுக்குச் சிலுவையில தொங்கணும்? அவர் சிந்தின ரத்தம் பத்தாதுன்னா நீங்க வாயைக் கட்டினீங்க? பிள்ளைங்கள மடியில தூக்கி வச்சுக்கிட்டவர் அவரு. அவர்கிட்ட வந்த பிள்ளைய நிறுத்தி, உங்கம்மா என்னிக்கு என்ன தின்னான்னா விசாரிப்பாரு?"

நல்ல பேச்சு. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில்கூட அவர் இவ்வளவு நன்றாகச் சொன்னதில்லை. தெக்லா தலையை ஆட்டினாள். எழுந்து போய்விடுவாள் என்றுதான் அவர் நினைத்தார்.

"அப்போ மந்திரிக்காத ஆப்பிளத் தின்னா பாவம் இல்லையா சாமி?"

"இல்லம்மா. அது நம்ம ஊர்ப் பழக்கம். நல்ல பழக்கம்தான். பாவமெல்லாம் இல்ல."

"அன்னிக்கும் பாவம் இல்லையா?"

"என்னிக்கு?"

"அவ காய்ச்சல்ல கெடந்தப்ப. ஜன்னலுக்கு வெளிய, கோடையில முதல்ல பழுக்கிற வெள்ளை ஆப்பிள் காய்ச்சுத் தொங்குது. அதையே பாத்துக்கிட்டு, ஒண்ணு குடும்மான்னா. ஸ்பாஸ் வரட்டும் கண்ணு, அதுக்கு முந்தி தின்னா பாவம்னேன். சரிம்மான்னா. அடம் பிடிக்கல, அழக்கூட இல்ல. ஸ்பாஸுக்கு முந்தியே போயிட்டா."

சாமியார் கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தார்.

"நான்தான் குடுக்கல, அங்கயாவது குடுக்கட்டும்னுதான் சாமி வாயைக் கட்டினேன். இப்போ பாவமே இல்லங்கிறீங்க. அப்படின்னா அன்னிக்கே குடுத்திருக்கலாமே! கையெட்டுற தூரத்துலதானே தொங்குச்சு!"

இரட்சிப்பு இலவசம் என்பது எல்லோருக்கும் நற்செய்திதான். அது இந்தத் தாயின் நெஞ்சில் இப்படி வந்து இறங்கும் என்று யார் கண்டது? சாமியார் மண்ணிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"குடுத்திருக்கலாம்மா," என்றார். அவர் பொய் சொல்லாததற்காக நான் அவரை மதிக்கிறேன். பிறகு, "சிலுவையில தாகமா இருக்குன்னு கேட்டவருக்கும் புளிச்ச காடியைத்தான் நீட்டினாங்க. கேட்டது கிடைக்காமச் சாகுறது எப்படின்னு அவருக்குத் தெரியும். உங்க பிள்ள அவர்கிட்டதான் இருக்கா," என்றார்.

தெக்லா முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அத்தனை வருஷ அழுகையையும் தக்காளிப் பாத்தியில் வைத்து அழுதாள். ஆறுதல் கிடைத்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

அடுத்த கோடையில், புது ஸ்பாஸும் வராமல் பழைய ஸ்பாஸும் வராமல், வெள்ளை ஆப்பிள் பழுக்கத் தொடங்கிய வாரத்தில், அவள் ஒரு வாளி நிறையப் பறித்து வாசலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தெருவில் போன பிள்ளை ஒவ்வொன்றையும் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள்; இன்னொன்று கேட்ட பிள்ளைக்கும் கொடுத்தாள். தான் மட்டும் ஒன்றையும் கடிக்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒதார்கா கத்தினாள்: "ஏய், உனக்குப் புத்தி பிசகிடுச்சா? கோயிலுக்குக் கொண்டுபோகாம, மந்திரிக்காமப் பிள்ளைங்களுக்குக் குடுக்கிறியே! பாவம்டி!"

"பாவம்னா அவர் பாத்துக்குவாரு அக்கா," என்றாள் தெக்லா. "பிள்ள கேக்குது."