மேசியாவுக்கு ஒரு சைகை

என் அக்காவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் அப்பாவின் தோட்டத்தில்தான் இருவரும் வளர்ந்தோம். வாயால் பேசப் பழகிய அதே நாட்களில் நான் கையாலும் பேசப் பழகியிருக்க வேண்டும். எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியாது. பிறகு அவள் சேலத்தில் காது கேளாதோர் பள்ளிக்குப் போய் முறையான சைகை மொழியைக் கற்றுக்கொண்டு, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தாள்.

இப்போது அவள் பள்ளிபாளையத்தில் எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள். நாலு தெரு தள்ளி ஒரு பட்டறையில் விசைத்தறி ஓட்டுகிறாள். தறிகள் ஓடும் இரைச்சலில் அங்கே யார் பேசினாலும் யாருக்கும் கேட்காது. காது கேட்பவர்களும் கையையும் உதட்டசைவையும் நம்பித்தான் பேசியாக வேண்டும். அந்தப் பட்டறையில் வாயாடி என்று பெயர் வாங்கியவள் என் அக்காதான்.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு ஞானஸ்நானம் பெற்றவள். அக்கா பெறவில்லை. ஆனாலும் ஞாயிறுதோறும் என்னோடு ஆலயத்துக்கு வருவாள். சுற்றுவட்டாரத்திலிருந்து காது கேளாதவர்கள் சிலர் அங்கே வருவார்கள். அவர்கள் இரண்டாவது பெஞ்சில் உட்கார, நான் அவர்களைப் பார்த்து நின்றுகொண்டு பிரசங்கத்தைச் சைகையில் சொல்வேன். அக்கா முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நான் சாமி கும்பிட வரல. அங்க நம்மள மாதிரி ஆளுக இருக்காங்க. பேச்சுத் துணைக்குத்தான் வாரேன்."

போன டிசம்பர் நெருங்கியபோது எங்கள் போதகர் என்னைக் கூப்பிட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறுகளில் பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகளை மட்டுமே பேசப் போவதாகச் சொன்னார்.

"புதிய ஏற்பாட்டுப் பக்கம் போகவே மாட்டேம்மா. அந்தக் காலத்து யூத ஜனங்க யாருக்காக, எப்படிக் காத்துக் கிடந்தாங்கன்னு முதல்ல நம்ம சபைக்குத் தெரியணும். அது தெரியாம கிறிஸ்துமஸ் குடில்ல போய் நின்னா வெறும் பொம்மையத்தான் பாப்போம்."

கேட்க நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் சிக்கல் புரிந்தது. மேசியா என்பதை எப்படிக் காட்டுவது? இயேசுவுக்குச் சைகை இருக்கிறது. ஒரு கையின் நடுவிரலால் மறு கையின் உள்ளங்கையைத் தொட வேண்டும், பிறகு அந்தக் கையின் நடுவிரலால் இந்தக் கையின் உள்ளங்கையை. ஆணி பாய்ந்த இடங்கள். எங்கள் பெஞ்சில் அவருக்கு அதுதான் பெயர். ஆனால் அவர் பிறப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன் காத்திருந்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாதே? அவர்களுடைய வாயில் இல்லாத பெயரை நான் என் கையில் வைக்கலாமா?

அக்காவிடமே கேட்டேன். மேசியா என்றால் எண்ணெய் ஊற்றப்பட்டவர், அந்த ஜனங்கள் தங்கள் ராஜாக்களை அப்படித்தான் ஏற்படுத்தினார்கள் என்று விளக்கினேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன் உச்சந்தலைக்கு மேலே கையைச் சாய்த்து, எண்ணெய் நெற்றியில் வழிவதை விரல்களால் காட்டினாள். பார்த்ததும் புரிந்தது. அதையே வைத்துக்கொண்டோம்.

முதல் ஞாயிறு வெட்டப்பட்ட மரத்தைப் பற்றியது. ராஜ வம்சம் அடிமரமாக வெட்டப்பட்டுவிடும், நாடு போய்விடும், கோயில் இடிந்துவிடும். ஆனாலும் அந்த அடிமரத்திலிருந்து ஒரு துளிர் வரும், அந்தத் துளிர்தான் வரப்போகும் ராஜா, அவர் நீதியோடு ஆள்வார், எளியவனுக்கு நியாயம் செய்வார் என்கிறார் தீர்க்கதரிசி. எங்கள் தோட்டத்தில் வெட்டிப்போட்ட வேம்பு மறு மழைக்குத் துளிர்த்ததை அக்கா பெஞ்சில் இருந்தவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சைகையில் பேசினால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை என்பதால் பிரசங்கத்தின் நடுவே தாராளமாகப் பேசுவாள்.

இரண்டாம் ஞாயிறுதான் தடுக்கி விழுந்தேன். அந்த ராஜா வரும் நாளில் என்னென்ன நடக்கும் என்று போதகர் சொல்லிக்கொண்டே போனார். பார்வையற்றவர்கள் காண்பார்கள். நடக்க முடியாதவன் மானைப்போலத் துள்ளுவான். செவிடரின் காதுகள் திறக்கும்.

என் கை நின்றுவிட்டது. முழு பெஞ்சும் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தாண்டவில்லை. காது, திறக்கும் என்று காட்டினேன். அவர்களில் ஒருவர், குமாரபாளையத்திலிருந்து வரும் தையல்காரர், சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை. ஆராதனை முடிந்ததும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் போதகர் முன்னால் நிறுத்தினாள்.

"ஐயாகிட்டக் கேளு. எங்காது தொறக்கல. அப்பறம் எப்புடி அவரு வந்துட்டாருன்னு சொல்றீங்க?"

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். போதகர் என் பக்கம் திரும்பவில்லை. அக்காவைப் பார்த்தே பேசினார். என்னைப் பார்த்துப் பேசினால் அவளுக்குப் பிடிக்காது என்று அவருக்குத் தெரியும்.

"யூதர்கள் இன்னைக்கும் எங்ககிட்ட இதைத்தான் கேக்குறாங்க. மேசியா வந்துட்டார்னா உலகம் ஏன் இன்னும் இப்படியே கிடக்குதுன்னு. அது நியாயமான கேள்வி. அவர் வந்தார், இன்னும் ஒரு தரம் வருவார், எல்லாம் அப்ப முழுசாகும்னு நான் நம்புறேன். நடுவுல நாம நிக்கிறோம். உனக்கு இது போதாதுன்னு எனக்குத் தெரியும்."

பிறகு ஒன்று சொன்னார். இயேசுவுக்கு முன்னே வந்து வழியைத் தயார் செய்தவரே கடைசியில் சிறையில் கிடந்தபோது, ஆள் அனுப்பி இதே கேள்வியைக் கேட்டாராம். வரவேண்டியவர் நீங்கள்தானா, இல்லை இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று.

"கேட்டதுக்காக அவரை யாரும் கோவிச்சுக்கல" என்றார்.

அக்கா அதை நிதானமாக வாங்கிக்கொண்டாள். "அப்ப நானுங் கேக்கலாம்" என்று மட்டும் காட்டிவிட்டு வெளியே போனாள்.

அடுத்த ஞாயிறு ராஜாவைப் பற்றிய பேச்சே இல்லை. பாடுபடும் ஊழியன் ஒருவனைப் பற்றிய பகுதி. பார்க்க அழகில்லாதவன், ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி இருப்பவன், மற்றவர்களுடைய பாவத்துக்காகக் காயப்படுகிறவன். யூதர்கள் பலர் இதைத் தங்கள் ஜனத்தின் கதையாகவே வாசிக்கிறார்கள் என்றும், சபை இதைக் கிறிஸ்துவாக வாசித்தது என்றும் போதகர் தொடக்கத்திலேயே சொன்னார். மூல மொழியில் காயப்பட்டான் என்பதற்குக் குத்தப்பட்டான் என்றும் பொருள் உண்டு என்றார்.

சைகையில் காயம் என்று சும்மா சொல்ல முடியாது. எங்கே காயம் என்று உடம்பில் ஓர் இடத்தில் காட்ட வேண்டும். காலில் என்றால் காலில், தலையில் என்றால் தலையில். அந்தப் பகுதியில் இடம் சொல்லப்படவில்லை. நான் அதை முன்கூட்டி யோசித்து வைக்கவும் இல்லை. போதகர் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். என் விரல் தானாக என் உள்ளங்கையில் போய்க் குத்தியது. ஒரு கை, பிறகு மறு கை.

பெஞ்ச் முழுவதும் நிமிர்ந்தது. நான் செய்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. குத்தப்பட்டான் என்று சொல்லப் போய் அவர் பெயரைச் சொல்லியிருந்தேன். தையல்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மீதியை எப்படிச் சொல்லி முடித்தேன் என்று நினைவில்லை.

அக்கா மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் கேட்டாள்.

"இது புது பொஸ்தகமா, பழசா?"

"பழசு. அவரு பொறக்கறதுக்குப் பல நூறு வருசத்துக்கு முந்தி."

"அதுல கையின்னு இருக்குதா?"

"இல்லக்கா."

"அப்ப நீயாத்தான் அங்க வெச்சே."

உண்மைதான். நான் நம்புகிறவள், அதனால் என் கை அங்கே போயிருக்கலாம். அக்கா எழுந்து வந்து எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"மறுக்காச் சொல்லு. எடம் காட்டாதே. அந்தப் பேரு நெனப்பே இல்லாமச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை என்பதால் எங்கள் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. வேதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துப் படித்துச் சொன்னேன். காயம் வந்தபோது உடம்பைத் தொடாமல் முன்னால் இருந்த வெற்றிடத்தில் குத்திக் காட்டினேன். அடித்தார்கள். அவன் வாயைத் திறக்கவில்லை. வெட்டக் கொண்டுபோகும் ஆட்டைப்போல வாயைத் திறக்கவில்லை.

அங்கே அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அப்பாவின் பட்டியில் வெள்ளாடும் உண்டு, மேச்சேரி இனச் செம்மறியும் உண்டு. பிடித்துக்கொண்டு போகும்போது வெள்ளாடு வாயைத் திறந்து கத்தும். செம்மறி திறக்காது. சத்தம் ஒன்றும் கேட்காமல், வாயைப் பார்த்தே அவள் அதைத் தெரிந்து வைத்திருந்தாள். செம்மறி என்று காட்டி, அதன் மூடிய வாயைக் காட்டி, பிறகு தன் வாயைத் தொட்டாள்.

"பேசலையா? ஒண்ணுமே பேசலையா அவரு?"

"பேசல."

அவள் கண் என் கையை விட்டு அகலவில்லை. நான் தொடர்ந்தேன். அநியாயமாகத் தீர்ப்புச் செய்தார்கள். குற்றவாளிகளோடு சாவு. பணக்காரனோடு கல்லறை. எல்லாம் முடிந்த பிறகு அவன் பலனைக் கண்டு திருப்தியாவான். அவனால் பலர் நீதிமான்களாவார்கள்.

முடித்துவிட்டுக் கையை மடியில் வைத்தேன். அக்கா தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு மிக மெதுவாக, யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, நடுவிரலால் தன் உள்ளங்கையைத் தொட்டாள். அடுத்து மறு கையை.

நான் சின்ன வயதிலிருந்து இல்லை, கல்யாணத்துக்குப் பிறகுதான் அந்தப் பகுதியைப் படிக்கிறேன். எத்தனையோ முறை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எழுதப்பட்ட காலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது உறைத்தது. யாரென்று தெரியாமலே ஒருவருக்காக ஏங்கி, முகம் தெரியாமலே அவர் பாடுகளை எழுதி வைத்துவிட்டு ஒருவர் செத்துப் போயிருக்கிறார். அதைப் பள்ளிபாளையத்தில் தறி ஓட்டும் என் அக்கா அடையாளம் கண்டுகொண்டாள். எனக்கு அழுகையா பயமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் வேத வாசிப்பைத் தானே செய்வதாக அக்கா சொன்னாள். போதகர் யோசிக்காமல் சம்மதித்தார். அவள் முன்னால் நின்று கையால் வாசிக்க, நான் அவளுக்கு எதிரே ஓரமாக ஒலிவாங்கியோடு நின்று அதை வாயால் சொன்னேன். அடிமரத்தின் துளிரை அவள் காட்டும்போது சபையே அவள் கையைத்தான் பார்த்தது. நான் பேசியதை யாராவது கேட்டார்களா என்பது சந்தேகம்.

அப்பா தோட்டத்திலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் எங்கள் குலதெய்வத்தை விட்டு வேறு பக்கம் திரும்பாதவர். மகள்களைப் பார்த்துவிட்டு, மதியச் சோற்றுக்கு இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவர். வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏஞ்சாமி, நீ சொன்னத அவ கையில காட்டுனாளா?"

"இல்லீங்கப்பா. அக்கா பேசுனதத்தான் நாஞ் சொன்னேன்."

"அத்தனையும் அவ பேசுனதா?"

"ஆமாங்கப்பா."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அக்காவையே பார்த்தார். அவள் தையல்காரரோடும் மற்றவர்களோடும் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். "இத்தன பேசுவாளா இவ" என்றார். பிறகு அவளிடம் போய், தனக்குத் தெரிந்த ஒன்றிரண்டு சைகையில், சாப்பிட்டாயா என்று கேட்டார்.

இந்த ஆண்டு ஈஸ்டருக்கு அக்கா ஞானஸ்நானம் பெற்றாள். அப்பா வரவில்லை, தடுக்கவும் இல்லை. தோட்டத்து மாங்காய் ஒரு மூட்டை அனுப்பியிருந்தார். அக்காவின் கேள்வி அப்படியே இருக்கிறது. சில ஞாயிறுகளில் பிரசங்கம் முடிந்ததும் நேரே போதகரிடம் போய்த் தன் காதைத் தொட்டுக் காட்டிவிட்டு, எப்போது என்று கையை விரிக்கிறாள். அவரும் சைகை கொஞ்சம் கற்றுக்கொண்டுவிட்டார். நானும் காத்திருக்கிறேன் என்று அவரே அவளுக்குக் கையால் சொல்கிறார்.