கும்பிடு இறாலுக்கு வாங்கிய சின்னத் தொட்டி

நானும் என் மனைவியும் வேலூரில் மீன் தொட்டி வாங்கப் போனது எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு. தொட்டி மீனுக்கு அல்ல. பழவேற்காட்டில் வலை வீசும் அவள் தம்பி, விரல் நீளக் கடல் இறால் ஒன்றைப் பிடித்து, இரண்டு கேன் கடல் நீரோடு ஆம்பூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கும்பிடுபூச்சி போல முன்கால்களை மடித்து வைத்திருக்கும். அதே காலால் நத்தை ஓட்டையும் உடைக்கும். அவள் அதைக் கும்பிடு இறால் என்பாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவள் தனக்கென்று ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

கடையில் இரண்டு தொட்டிகள் இருந்தன. ஒன்று நீளமானது. மற்றது ரொட்டி டப்பா அளவு.

“பெருசே எடுங்க. கல்லு, மண்ணு எல்லாம் போடணும். அதுக்கு ஒளிஞ்சிக்க இடம் வோணும்,” என்றாள்.

“ஒளிஞ்சிக்கவா தொட்டி வாங்குறோம்? நாலு பேர் பாக்க வோணாமா?”

கடைக்கார பாய் சிரித்தார். “அம்மா கல்யாண மண்டபம் கேக்குறாங்க, சார் டிக்கெட் கவுன்டர் கேக்குறாரு. நீங்களே பேசி முடிங்க.”

சின்னதை வாங்கினேன். தோல் தொழிற்சாலையில் தரம் பிரிப்பது என் வேலை. எங்கள் புது மேனேஜர் ஒருநாள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். யார் வீட்டிலும் இல்லாத ஒன்று என் ரேடியோ பக்கத்தில் இருப்பதை அவர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் காரணம்.

அவள் அதில் ஒருபிடி மணலும் உடைந்த மண்குழாய்த் துண்டு ஒன்றும் போட்டாள். தம்பி மாதம் ஒருமுறை புது நீர் கொண்டுவருவான். மேனேஜர் வருவதாக இருந்த வாரத்தில் இறால் தின்பதை நிறுத்திவிட்டுக் குழாய்க்குள் போய்விட்டது.

“தொடாதீங்க. அதும்பாட்டுக்கு வுட்டுடுங்க,” என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். அவள் நர்ஸ்.

மாலையில் பார்த்தேன். மணல்மேல் கிடந்தது. கண், கால் எல்லாம் இருந்தன, அசைவில்லை. பத்து வருஷமாக என் மேஜைக்குத் தோல்தான் வந்தது. தோல் வந்தால் மாடு இல்லை என்று அர்த்தம். அதற்குமேல் நான் யோசித்ததே இல்லை. மேனேஜர் வரும்போது வீடு நாறக்கூடாது. அவளுக்குக் காட்ட அதைக் காகிதத்தில் எடுத்து வைத்துவிட்டு, தொட்டியைப் பின்கட்டுச் சாக்கடையோரம் கவிழ்த்தேன்.

குழாய்த் துண்டு உருண்டது. அதிலிருந்து வெளுத்த, மெத்தென்ற ஒன்று வெளியே விழுந்தது. அதால் நிற்க முடியவில்லை. முன்கால்களை மட்டும் தூக்கியது.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவன். இறால் தன் ஓட்டை உரித்துவிட்டு வளரும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன்.

சமையலறையில் இன்னொரு கேன் கடல் நீர் முழுசாக இருந்தது. அந்த நேரம் வாசலில் மேனேஜரின் ஸ்கூட்டர் வந்து நின்றது. நான் வாசலுக்குப் போனேன்.

அவர் காபி குடித்தார். இறாலைப் பற்றிக் கேட்கக்கூட இல்லை. அவரை அனுப்பிவிட்டு வந்து பார்த்தபோது எறும்பு மொய்த்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டேன்.

வேலை முடிந்து வந்தவளிடம், “செத்துப்போச்சு,” என்று காகிதத்தை நீட்டினேன். அவள் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். முதுகில் கீறல் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

“இது செத்தது இல்லீங்க, உரிச்சது. உள்ள இருந்தது எங்க?”

“தெரியல,” என்றேன்.

ஸ்கூட்டர் வந்ததை அவளிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. அடுத்த மாதம் தம்பி வந்தபோது, திறக்காத கேனைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தாள்.

“இன்னாக்கா, தண்ணி அப்டியே கீது?”

“எடம் பத்தலடா,” என்றாள். என்னைப் பார்க்கவில்லை.