மச்சானின் ஆய்வில் என் நாற்காலி

முடிவெட்டும் தொழிலில் எனக்குப் பிடித்தது, வந்தவரின் முதுகுப் பக்கம் நின்று வேலை செய்யலாம் என்பதுதான். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. கண்ணாடியில் கண்ணும் கண்ணும் சந்தித்துவிட்டால் சீப்பை எடுக்கிற சாக்கில் குனிந்துகொள்ளலாம். லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். பேசத் தெரியாது என்பதைவிட, ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது என்று தெரியாது என்பதே சரி. அதனால் ஆரம்பிப்பதே இல்லை. ஸ்கூடாயில் கடை போட்ட நாளிலிருந்து அப்படியே ஓட்டிவிட்டேன்.

என் மனைவியின் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை. இடைநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். விளக்காமல் அவனால் ஒரு டம்ளர் தேநீர்கூடக் குடிக்க முடியாது.

எங்கள் கடைக்கு எதிர் வரிசையில் ஏர்கோன் போட்டுக் குளுகுளுவென்ற புதுக் கடை வந்தது. அங்கே சாய்ந்து படுத்துத் தலை கழுவிக்கொள்ளும் தொட்டி உண்டு. கல்லூரி மாணவர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். எனக்கும், என்னிடம் வேலை செய்யும் தஞ்சாவூர்க்காரருக்கும் கையில் கத்தரிக்கோலோடு வாசலைப் பார்க்கிற நேரம் கூடியது. இதை மனைவி தன் தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். ஆண்டு இறுதி விடுமுறை. அவனுக்கும் வேலை இல்லை. மறுநாள் காலையில் இரண்டு கண்ணாடிச் சாடிகளும் ஒரு பொட்டலம் கொண்டைக்கடலையுமாக வந்து நின்றான்.

“மாமா, ஆள் குறையுதே, என்ன காரணம்?”

“எதிர்க்கடை.”

“அது உங்க ஊகம். ஊகத்தை வச்சுக் கடை நடத்தலாமா?”

அதை வைத்துத்தான் இத்தனை வருடம் நடத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவன் அளவுநாடாவை விரித்துத் தரையில் மண்டியிட்டுவிட்டான். நம் கடையிலும் தலை கழுவும் தொட்டி வைக்க வேண்டுமாம். ஆனால் இடம் போதாது. இருக்கிற இரண்டு நாற்காலிகளில் ஒன்றைக் கழற்றினால்தான் தொட்டிக்கு இடம். எந்த நாற்காலி போவது என்பதை நானோ அவனோ முடிவு செய்யக்கூடாது, சோதனைதான் முடிவு செய்ய வேண்டும் என்றான். தோற்ற நாற்காலிக்காரர் இனிமேல் தலை கழுவிவிட்டுக் கல்லாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியது.

கல்லா! வருகிறவர்கள் எல்லாரும் நேருக்கு நேராக முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கும் இடம். கடை என்னுடையது, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று இரவு சோறு போட்டுக்கொண்டே மனைவி, “தம்பி படிச்சவன், சொன்னா கேளுங்க” என்று அந்தப் பேச்சுக்கே கதவைச் சாத்திவிட்டாள்.

சோதனை இதுதான். ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு சாடி. ஒரு தலை முடிந்தால் அந்தச் சாடியில் ஒரு கடலை. தஞ்சாவூர்க்காரர் வழக்கம்போலப் பேசிக்கொண்டே வெட்ட வேண்டும், நான் வழக்கம்போலப் பேசாமல் வெட்ட வேண்டும். “வேற எதையும் மாத்தக்கூடாது. ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்தினாத்தான் எதனால எது நடக்குதுன்னு தெரியும்” என்றான். நான் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டதற்குக்கூட, “மாமா, நேத்து அது திறந்திருந்துச்சு” என்றான்.

வந்தவர்கள் சாடியைப் பார்த்துவிட்டுச் சுண்டல் எப்போது கிடைக்கும் என்று கேட்டார்கள். ஒருவர் காத்திருந்த நேரத்தில் நாலைந்தை எடுத்து மென்றே விட்டார். மச்சான் அவரிடம் ஆய்வு முறைகளைப் பற்றி நெடுநேரம் விளக்கினான். அவர் மறுபடி வரவில்லை. அதை எந்தச் சாடியில் போடுவது என்று கேட்க நினைத்தேன்.

தஞ்சாவூர்க்காரரின் சாடிதான் வேகமாக நிறைந்தது. அவர் பேச்சு அப்படி. நேப்பாளக் காவலாளியிடமும் வங்காளதேசத்துத் தொழிற்சாலை ஆளிடமும் தமிழிலேயே பேசிச் சிரிக்க வைத்துவிடுவார். சோதனைக் காலத்தில் பாதி முடிந்ததும் மச்சான் அடுத்ததைத் தொடங்கினான். ஆள் காரணமா, பேச்சு காரணமா என்று பிரித்துப் பார்க்க வேண்டுமாம். அதனால் இனிமேல் நான் பேச வேண்டும், அவர் பேசக்கூடாது.

“என்ன பேசறது?”

“ஆளுக்கு மூணு கேள்வி மாமா. போதும்.”

எனக்கு வாய்த்த முதல் ஆள் ஒரு பேருந்து ஓட்டுநர். விடியுமுன்னே பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். ஓய்வு நாளில் என் நாற்காலிக்கு வருவது முடி வெட்ட மட்டும் இல்லை, தூங்கவும்தான். துணியைப் போர்த்தி முடிப்பதற்குள் தலை தொங்கிவிடும். அந்தத் தலையை இரண்டு விரலால் தாங்கிக்கொண்டு வெட்டுவது எனக்குப் பழக்கம். அவர் எழுந்திருக்கக்கூடாதே என்று மிஷினைக்கூடப் போட மாட்டேன்.

அன்று மச்சான் பெஞ்சிலிருந்து கண்ணைக் காட்டினான். நான் தொண்டையைச் செருமினேன்.

“சாப்பிட்டீங்களா?”

அவர் திடுக்கிட்டு விழித்தார். “ஆ? சாப்பிட்டேன்ணே.”

மறுபடி கண் மூடினார்.

“எங்க சாப்பிட்டீங்க?”

“வீட்டுலதான்.”

“என்ன சாப்பிட்டீங்க?”

அவர் கண்ணாடியில் என்னை நன்றாகப் பார்த்தார். “என்னண்ணே, ரத்தம் எடுக்கப் போறீங்களா?”

அடுத்த முறை அவர் நேராகத் தஞ்சாவூர்க்காரரின் நாற்காலிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். அங்கேதான் இப்போது சத்தமில்லை. மற்றவர்களுக்கும் தஞ்சாவூர்க்காரரின் மௌனம் ஒரு குறையாகத் தெரியவில்லை. வாய்க்குத்தான் தடை, புருவத்தாலும் உதட்டாலும் கண்ணாடியைப் பார்த்து அவர் காட்டிய சேட்டைக்குப் பேச்சே தேவலாம். கடை குலுங்கியது.

தை பிறந்தது. பள்ளி திறந்த பிறகும் மச்சான் மத்தியானத்தில் வந்து உட்கார்ந்து கடலையை எண்ணினான். என் சாடி அடியிலேயே கிடந்தது. ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, “மச்சான், தைப்பூசம் வரைக்கும் எப்பவுமே கொஞ்சம் அடங்கித்தான் இருக்கும்” என்றேன்.

“சரி மாமா. ஆனா அடங்கினா ரெண்டு நாற்காலிக்கும்தானே அடங்கணும்? மழை பெஞ்சா ரெண்டு கூரையிலயும்தான் பெய்யும். அதுக்குத்தான் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறது” என்றான், தாடியைத் தடவிக்கொண்டே.

மழைக் கணக்கு எனக்கு நன்றாகவே புரிந்தது. படித்தவன் படித்தவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

முடிவு சொல்லும் நாளில் அவன் இரண்டு சாடிகளையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“பேச்சு காரணம் இல்ல மாமா. அவர் பேசினாலும் அவர் பக்கம்தான் கூட, பேசாட்டியும் அவர் பக்கம்தான் கூட. அப்ப மிச்சம் இருக்கிற ஒரே காரணம்...” நிறுத்தினான். “தப்பா எடுத்துக்காதீங்க. நீங்கதான்.”

தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? கோபத்தில் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம். அவன் தண்ணீர் கொதிக்கிற சூட்டைச் சொல்வதுபோலச் சொன்னான். என் கடை படுப்பதற்குக் காரணம் எதிர்க்கடை இல்லை, ஏர்கோன் இல்லை, நான். நான் சாடியில் கையை விட்டுக் கடலையைக் கிளறிக்கொண்டு நின்றேன். அன்று வீட்டுக்குப் போய்க் குளிக்கும்போதுகூட அதே வார்த்தைதான் காதில் விழுந்துகொண்டிருந்தது.

தைப்பூசம் முடிந்து, விரதத்தை முடிக்கிற இடும்பன் பூஜையும் முடிந்த மறுநாள் தொட்டி பொருத்துகிற ஆள் வருவதாக ஏற்பாடு. அன்று சனிக்கிழமை. மச்சான் காலையிலேயே வந்துவிட்டான். தஞ்சாவூர்க்காரர் என் நாற்காலியின் போல்ட்டுகளைக் கழற்றினார். முகம் செத்துப்போயிருந்தது.

“அண்ணே, நான் ரெண்டு பேருக்கு மோசமா வெட்டிக் காட்டியிருக்கலாம். தோணாம போச்சு.”

“அதெல்லாம் சோதனையில சேராது” என்றான் மச்சான்.

மூன்று பேரும் நாற்காலியைத் தூக்கி வந்து கடை வாசலில், ஐந்தடி என்கிற நடைபாதையில் வைத்தோம். அது இருந்த இடத்தில் தரை மட்டும் புதிதாக வெள்ளையாக இருந்தது. ஓட்டுநர் வந்தார், வாசலில் நாற்காலியைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் மிச்சமிருந்த நாற்காலியில் தூங்கிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. காதுவரை தாடி, கழுத்துவரை முடி. என்னிடம் பல வருடமாக வருகிறவர். இரும்புக்கடைக்காரர்.

“அண்ணே, இதுதானே உங்க நாற்காலி? என்ன வெளிய கிடக்குது?”

நான் தரையைப் பார்த்தேன்.

“சரி விடுங்க, இங்கயே உட்காருறேன். காவடி எடுத்த உடம்பு, இந்த வெயில் என்ன செஞ்சிடும்?”

உட்கார்ந்தேவிட்டார். அவருக்கு வெட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னும் இரண்டு தாடி. பின்னால் ஒரு காரிலிருந்து அண்ணன் தம்பியாக மூன்று தாடி. “உள்ளே வாங்க, இங்க ஒரு ஆள் முடியப்போவுது” என்று தஞ்சாவூர்க்காரர் அழைத்தார். “பரவால்ல பாஸ், அண்ணன்கிட்டயே இருந்துக்கிறோம். விரதம் பிடிக்கிறதுக்கு முன்னாடியும் அண்ணன் கைதான், முடிச்சதும் அண்ணன் கைதான்” என்றார்கள். ஐந்தடி முழுவதும் தாடியாகிவிட்டது. பக்கத்து மளிகைக்கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன லா, கோயில் கூட்டம் இன்னும் கலையலியா?” என்றார்.

மச்சான் வாசலுக்கு வந்தான். அந்த வரிசையைப் பார்த்தான். உள்ளே பெஞ்சில் இருந்த நேப்பாளக் காவலாளியைப் பார்த்தான். பிறகு அவன் கை மெல்ல எழுந்து தன் முகத்துக்குப் போனது. அவனுடைய தாடியும் அவர்களுடையதைப் போலவே நெஞ்சைத் தொடப் பார்த்தது.

“அலமாக், ஐயையோ” என்றான்.

சோதனை நடந்த காலம் முழுவதும் தானும் விரதத் தாடியோடு என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, என்னிடம் ஏன் ஆள் வரவில்லை என்று எண்ணியிருக்கிறான். அந்தத் தாடியைத் தினம் பார்த்த நானும், காலமெல்லாம் முடியிலேயே கிடக்கிற நானும், மழைக் கணக்கை நம்பி வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“மாமா, உங்க பக்கம் வர்றவங்க எல்லாம் விரதக்காரங்க, பூசம் முடியிற வரைக்கும் முடியில கத்தி வைக்க மாட்டாங்க. அந்தப் பக்கம் வெளிநாட்டு ஆளுங்க, மிச்சமிருக்கிற மாணவருங்க. மழை ரெண்டு கூரையிலயும் பெய்யல.” எனக்குக் கொஞ்சம் இளகியது. அடுத்த மூச்சிலேயே, “அப்ப இந்தக் கணக்கு செல்லாது. பங்குனியில மறுபடி முதல்லருந்து...” என்றான்.

கடைசித் தாடியும் போய்விட்டது. நான் நாற்காலியைத் தட்டினேன்.

“உட்காரு.”

உட்கார்ந்தான். நுரையைப் பூசினேன். அவன் மேற்கொண்டு சொல்ல வாயைத் திறந்தபோது கத்தி தாடையடிக்கு வந்துவிட்டது. அந்த இடத்தில் யாரும் பேச முடியாது. பேசினால் கீறும்.

“மச்சான், ஆடாதே. பங்குனியும் இல்ல, சித்திரையும் இல்ல. கடலையை உங்க அக்கா நேத்தே சுண்டல் பண்ணிட்டா. தொட்டி வேணும்னா வீட்டுல வச்சுக்க. என் நாற்காலியை நீயே தூக்கு, நீயே உள்ள வை. ஒரு நேரத்துல ஒண்ணை மாத்தணும்னு சொன்னியே, நான் ஒண்ணையும் மாத்தலியே, என்னை ஏன்டா மாத்தினே? சாப்பிட்டீங்களா, எங்க சாப்பிட்டீங்க, என்ன சாப்பிட்டீங்க! அந்த மனுசன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது என்று முன்பே சொன்னேன். கன்னம், மீசைக்கு மேல், மறுகன்னம் எல்லாம் முடியும்வரை நிறுத்தவில்லை. உள்ளேயிருந்து ஓட்டுநரின் தூக்கக் குரல் கேட்டது.

“யாருங்க அது வெளிய சத்தம் போடுறது?”

“எங்க அண்ணன்தான்” என்றார் தஞ்சாவூர்க்காரர்.

“அவருக்குப் பேச வருமா?”

தொட்டிக்காரர் லாரியோடு வந்தபோது மச்சான் மழுமழுவென்ற முகத்தோடு நாற்காலியின் ஒரு பக்கத்தைப் பிடித்து உள்ளே தூக்கிக்கொண்டிருந்தான். அவரைத் திருப்பி அனுப்பினான். ஒரு போல்ட் எங்கேயோ உருண்டு போய்விட்டது. அன்றிலிருந்து என் நாற்காலி லேசாக ஆடுகிறது. ஏன் ஆடுகிறது என்று யாரும் ஆராயக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.