பொம்மிடியில் இரண்டு நிமிடம்

பொம்மிடி ஸ்டேஷனிலிருந்து சேலம் பாசஞ்சர் இப்போதுதான் நகர்கிறது. எங்கள் ஆறு சைக்கிள்களில் இரண்டு அதில் ஏறிவிட்டன, நான்கு நடைமேடையில் கிடக்கின்றன. ஏறிவிட்ட நண்பர்கள் இருவரும் வாசலில் நின்று பரிதாபமாகக் கையாட்டுகிறார்கள்.

அடுத்த மாதம் ஜெர்மனியில் எங்களுக்குச் சைக்கிள் பயணம். இடையிடையே ரயிலிலும் டிராமிலும் சைக்கிளோடு ஏறி இறங்க வேண்டும். அங்கேயும் ரயில் இரண்டு நிமிடம்தான் நிற்குமாம். அதற்காகத்தான் சைக்கிளுக்கும் சீட்டு வாங்கி இந்த ஒத்திகை. அவரவர் சைக்கிளை அவரவரே ஏற்றுவது என்பது நான் போட்ட திட்டம். ஆறு பேரும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டோம்.

முள்ளங்கி மூட்டைகளோடு அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும் ஒரு அக்கா சிரிப்பை அடக்கவே இல்லை.

"ஏங்க, ஆளுக்கு ஒண்ணத் தூக்கிட்டு ஏறுனா எப்படிங்க? நாங்க மூட்ட ஏத்தறதப் பாத்ததில்லைங்களா? ரெண்டு பேரு வெறுங்கையோட மொதல்ல ஏறிடணும். மத்தவங்க கீழ இருந்து குடுத்துக்கிட்டே இருக்கணும். யாரு மூட்டைன்னு பாக்கக் கூடாது."

அடுத்த வண்டி வருகிறது. அக்காவும் நானும் வெறுங்கையோடு ஏறுகிறோம். நான்கு சைக்கிள், ஐந்து மூட்டை, மூன்று நண்பர்கள் எல்லாம் உள்ளே வந்த பிறகும் வண்டி நின்றுகொண்டே இருக்கிறது. எனக்கு ஜெர்மனியே கைக்கு வந்துவிட்டது போலிருக்கிறது.

டிராம் என்றால் தெருவில் ஓடும் ரயில் என்று அக்காவுக்கு விளக்குகிறேன்.

"அது எவ்வளவு நேரம் நிக்குங்க?"

"அரை நிமிஷம்க்கா."

அக்கா கொஞ்சம் யோசிக்கிறார்.

"அப்ப மூணு பேரு மொதல்ல ஏறிடுங்க."