சாய்ந்த மரமும் ஒப்பற்ற ஆய்வாளரும்

சட்டக் கல்லூரியில் அவருக்கு மரவாத்தியார் என்று பெயர். பக்கத்து வீட்டு மரம் நம் கூரைமேல் விழுந்தால் நஷ்டத்துக்கு யார் பொறுப்பு என்ற ஒரே கேள்வியைக் கட்டிக்கொண்டு பாதி ஆயுளை ஓட்டிவிட்ட மனுஷன். சும்மா சொல்லக் கூடாது, இளம் வயதிலேயே அதற்கு ஒரு பதிலையும் கண்டுபிடித்து ஆய்விதழ் ஒன்றில் அச்சேற்றியிருந்தார். மரம் உள்ளுக்குள் உளுத்துப்போனது உரிமையாளருக்குத் தெரியாதென்றால் அவர் பொறுப்பில்லை. அவ்வளவுதான் பதில். அதற்கு 'அறியாமைக் கோட்பாடு' என்று பெயரும் சூட்டி, வகுப்பு வகுப்பாகப் பாடம் நடத்தினார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள்கூடத் தப்பியதில்லை.

அந்தக் கட்டுரையை உலகம் சுத்தமாக மறந்துவிட்டது. அவருக்கு அதுதான் தீராத குறை. வாழ்நாளில் தனக்கென்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒன்றுதானே! அதனால் தலை நரைத்த பிறகு, அந்தக் கோட்பாட்டின் மேலேயே இரண்டாவது கட்டுரை ஒன்றை எழுதினார். பெரிய ஆய்விதழில் இது வந்துவிட்டால் பழையதையும் எல்லோரும் தேடிப் படிப்பார்கள் என்பது கணக்கு.

எழுதி முடித்துவிட்டு ஆய்விதழின் விதிகளைப் படித்தார். அடிக்குறிப்பு எப்படி இருக்க வேண்டும், சுருக்கம் எத்தனை வரி, எழுத்து என்ன அளவு, எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றுக்கொண்டார். ஒரு விதிதான் தொண்டையில் சிக்கியது. எழுதியவர் யாரென்று, கட்டுரையைப் படித்து வெளியிடலாமா என்று சொல்லும் மதிப்பீட்டாளருக்குத் தெரியக் கூடாதாம். பெயர் எங்கும் இருக்கக் கூடாது. தன்னுடைய பழைய எழுத்தைச் சொல்வதானாலும் வேறு யாரோ எழுதியதைப் போலத்தான் சொல்ல வேண்டும்.

"என் பேரை எடுத்துட்டா அப்புறம் இதுல என்ன இருக்கு?" என்று கத்தினார்.

"கட்டுரை இருக்கும்ல," என்றார் மனைவி. அவர் பல் டாக்டர். பகலெல்லாம் வாயைத் திறந்தும் பேச முடியாதவர்களோடு பழகிவிட்டு, மாலையில் வீட்டுக்கு வந்து இவருடைய பேச்சைக் கேட்க வேண்டும் என்பது அவர் தலையெழுத்து.

யோசித்துப் பார்த்தபோதுதான் வாத்தியாருக்கு அந்த விதியின் அருமை புரிந்தது. தன்னைப் புகழ்ந்தால் தற்பெருமை. யாரோ ஒருவரைப் புகழ்ந்தால் பெருந்தன்மை அல்லவா? 'நான் முன்பே கூறியபடி' என்று இருந்த இடமெல்லாம் 'இத்துறையின் முன்னோடி ஆய்வாளர் கூர்ந்து உணர்த்தியபடி' என்று மாறியது. போகப்போகக் கை தாராளமாகி, 'அந்த ஒப்பற்ற ஆய்வாளர்' வரைக்கும் போய்விட்டார்.

மனைவி வாங்கிப் படித்தார். "ஏங்க, யாரு இந்த ஒப்பற்றவர்? எனக்கு அறிமுகமே ஆகலையே!"

"கிண்டல் பண்ணாத. விதிப்படி எழுதியிருக்கேன்."

"ஒப்பற்றன்னு போடணும்னு விதியிலயே இருக்கா?"

அவர் காதில் வாங்கவில்லை. கோப்பைப் பதிவேற்றினார். உள்ளே எங்கோ பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று இணையதளம் திருப்பியனுப்பியது. திட்டிக்கொண்டே அதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினார்.

பல மாதம் கழித்து மதிப்பீட்டாளரின் கருத்து வந்தது. 'எழுதியவர் இளம் ஆய்வாளர் என்று தோன்றுகிறது' என்ற முதல் வரியிலேயே இவருக்கு வாயெல்லாம் பல். அடுத்த வரியில் எல்லாம் போயிற்று.

'மூன்றாம் பகுதி அருமை. ஆனால் இவர் யாரோ ஒரு பழைய ஆய்வாளரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறார். அந்தப் பழையவரின் கோட்பாடு தவறு. தன் மரத்தைச் சோதித்துப் பார்ப்பவன் மாட்டிக்கொள்வான், திரும்பியே பார்க்காதவன் தப்பித்துவிடுவான் என்றால் எவன்தான் பார்ப்பான்? இவருடைய மூன்றாம் பகுதியே இதை நிரூபிக்கிறது. வாய்விட்டுச் சொல்லத்தான் துணிச்சல் இல்லை. பழையவரை மறுத்து எழுதினால் வெளியிடலாம்.'

வாத்தியார் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "எவன்டா இவன்? சட்டம்னா என்னன்னு தெரியுமா இவனுக்கு?" ஆசிரியர் குழுவுக்குக் காரசாரமாகப் பதில் எழுதுவதென்று உட்கார்ந்தார். ஆதாரம் காட்ட வேண்டுமே என்று தன்னுடைய மூன்றாம் பகுதியை எடுத்தார். படித்தார். திரும்பவும் படித்தார். வருஷா வருஷம் மரத்தைச் சோதிப்பவரைச் சட்டம் தண்டிக்கக் கூடாது, சோதிக்காதவருக்குச் சலுகை தரக் கூடாது என்று தெள்ளத்தெளிவாக எழுதியிருந்தது. எழுதியவர் இவரேதான்.

சாப்பாட்டு மேசையில் அவர் வாயே திறக்கவில்லை. மனைவிக்குப் பயமாகிவிட்டது. "என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"அவன் சொல்றது சரிதான். இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்குத் தப்பா சொல்லிக் கொடுத்திருக்கேன். எவ்வளவு கேவலம்!"

அன்றைக்கு மனைவி கிண்டல் செய்யவில்லை. "கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கோங்க. பழையது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது. யாருக்குத் தெரியப்போகுது?"

"தெரியாம இருந்தவரைக்கும் சரி. இப்பதான் எனக்குத் தெரிஞ்சிருச்சே."

மறுநாள் திருத்த ஆரம்பித்தார். ஆரம்பத்தில் மனசு வரவில்லை. 'அந்த ஒப்பற்ற ஆய்வாளரின் சிறு சறுக்கல்' என்று பூசி மெழுகினார். மனைவி எட்டிப் பார்த்து, "இவ்வளவு பெரிய ஆளுக்குச் சறுக்கல்கூடச் சின்னதாத்தான் வருமோ?" என்றதும் ரோஷம் வந்துவிட்டது. புகழ்மாலைகளையெல்லாம் பிய்த்து எறிந்தார். அப்புறம் கை நிற்கவே இல்லை. 'அந்த ஆய்வாளர் ஒருநாளும் மரத்தை அண்ணாந்து பார்க்காமல், பார்க்காதவர்களுக்காகவே ஒரு கோட்பாட்டை எழுதிவிட்டார்' என்று முடித்தபோது அவருக்கு அழுகையும் வந்தது, ஆச்சரியமாக, கொஞ்சம் சந்தோஷமும் வந்தது.

கட்டுரை ஏற்கப்பட்டது. அச்சுக்குப் போகும் முன்பு, ஆய்விதழில் பிழை திருத்தும் பெண் தொலைபேசியில் அழைத்தார். எழுதியவரின் பெயர்ப் பக்கம் இன்னும் அவர் மேசைக்கு வந்து சேரவில்லை. கையில் இருந்தது கட்டுரையும் ஒரு தொலைபேசி எண்ணும்தான்.

"ஐயா, கட்டுரை நல்லா இருக்கு. ஒரே ஒரு இடம்தான் உறுத்துது. அந்தப் பழைய ஆய்வாளரை ரொம்ப வாங்கு வாங்குன்னு வாங்கியிருக்கீங்க. அவர் இருக்காரா? படிச்சா பாவம், மனசு கஷ்டப்படுவாரே. கொஞ்சம் தணிச்சுப் போடட்டுமா?"

என்ன விஷயம் என்று மனைவி சைகையில் கேட்டார்.

"இருக்காரும்மா. கஷ்டப்படத்தான் செஞ்சாரு," என்றார் வாத்தியார். "ஆனா அவரைக் கேட்டுட்டுத்தான் எழுதினேன். ஒரு எழுத்தையும் மாத்தாதீங்க."