வெட்டக் கொடுக்காத கை

எனக்கு வந்த கட்டியின் பெயரை எங்கள் ஊரில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அதற்காக யாரும் வாயை மூடிக்கொண்டிருந்துவிடவில்லை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீடு வந்து சேர்வதற்குள் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிவிடுவார்கள். ஒருவருக்கு அது கொழுப்புக் கட்டி, இன்னொருவருக்கு வாயு. எருக்கம்பால் தடவச் சொன்னவர்களும் உண்டு, சூடு போடச் சொன்னவர்களும் உண்டு. எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

அப்போது எண்பதுகளின் நடுப்பகுதி. விதைக்கடை ஒன்றின் மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜன்னலைத் திறந்தால் ராஜகிரி மலை தெரியும். மதியத்தில் அதன் பாறைச் சூடு முழுக்க எங்கள் அறைக்குள்தான் வந்து உட்காரும். தொண்டூரில் மணிலா என்கிற வேர்க்கடலைப் பயிர் வைக்கும் குடும்பத்திலிருந்து வந்து, தமிழ், இங்கிலீஷ் இரண்டு டைப்பிங்கிலும் ஹையர் பாஸ் செய்து, உட்கார்ந்து சம்பாதிக்கிற முதல் பெண் நான். அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இருக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் சண்டைக்குப் போவேன்.

கட்டி வந்தது வலது கையில், தோளுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு பெரிய ஊர் ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். தையல் தழும்பு வெளுப்பதற்குள் அதே இடத்தில் மறுபடியும் தலைதூக்கியது, முன்னைவிடப் பெரிதாக. சாயந்தரம் ஆனால் விரல்கள் மரத்துப்போகும். நைனா என்று நான் கூப்பிடும் அப்பாவும் நானும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனோம். சர்ஜன் கையை அழுத்திப் பார்த்தார், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார், பிறகு என்னை விட்டுவிட்டு நைனாவைப் பார்த்துப் பேசினார்.

"கையை எடுத்துடறதுதான் நல்லது. தோளோட."

நான்தான் கேட்டேன்.

"இது கேன்சருங்களா டாக்டர்?"

"இல்ல."

"உடம்புல வேற எங்கியாவது பரவுமா?"

"பரவாது. ஆனா இருக்கிற இடத்துல வேர் விட்டுக்கிட்டே போகும். எத்தனை தடவை அறுத்தாலும் வரும்."

"அறுத்தா வரும்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இன்னும் பெருசா அறுக்கணும்?"

அதற்கு அவர், ஒரு கையாலும் பழகிக்கொள்ளலாம், எத்தனையோ பேர் இருக்கிறார்கள் என்றார். செமிகோலன் எல் கே ஜே வலது கைக்கு, ஏ எஸ் டி எஃப் இடது கைக்கு என்று தினம் காலையில் பாடம் எடுப்பவளிடம் இதைச் சொல்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. சம்மதப் படிவத்தை நைனா பக்கம் நகர்த்தினார். நைனா பேனாவைக் கையில் வாங்கிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். மகள் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்தார். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு ரத்தம் கொதித்தது.

"நைனா கையெழுத்துப் போட்டா நைனா கைய எடுங்க. இது என் கை" என்றேன்.

வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. சர்ஜனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் பேச்சு பிடிக்கலன்னா மெட்ராஸ்ல போய்க் கேளு" என்றார். அவர் கோபத்தில் சொன்னதை நான் யோசனையாகவே எடுத்துக்கொண்டேன். அடுத்த வாரமே மெட்ராஸ் பஸ் ஏறினோம்.

அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் கூட்டத்தில் நின்று, வேறு வேறு வாசல்களுக்கு விரட்டப்பட்டு, கடைசியில் ஒரு லேடி டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். என்னைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். சிரிப்பே கிடையாது. கட்டிக்கு டெஸ்மாய்டு என்று பெயர் சொன்னார். லட்சக்கணக்கான பேரில் யாருக்காவது வரும் என்றார். அந்த நிலையிலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"வெட்டாம பாக்கலாம். ரெண்டு மாத்திரை தரேன். ஒண்ணு மார்புப் புத்துநோய்க்குத் தர்றது, இன்னொண்ணு மூட்டுவலிக்குத் தர்றது. சிலருக்குச் சுருங்குது. சிலருக்கு அப்படியே நின்னுடுது. சிலருக்கு ஒண்ணும் ஆகல. உனக்கு எதுன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

தெரியாது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். அதனாலேயே நம்பினேன்.

நைனாவுக்கு மாத்திரை மட்டும் போதவில்லை. அமாவாசைக்கு மலையனூர் போய் அம்மனிடம் வேண்டிக்கொண்டு, கடையில் கை உரு வாங்கிவந்தார். எங்கள் பக்கத்தில் கண்ணில் நோய் என்றால் கண், காலில் என்றால் கால் என்று வெள்ளித் தகட்டில் புடைப்பாகச் செய்ததை வாங்கிவைத்து, குணமானதும் உண்டியலில் போடுவார்கள். அம்மா அதைப் பிரித்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, எடக்கைய வாங்கியாந்துக்கிற?"

கடையில் உருவைக் கையில் பிடித்து, நான் எதிரே நிற்பதாக நினைத்து அளவு பார்த்திருக்கிறார். எதிரே நிற்கிறவளின் வலது கை இவருக்கு இடது பக்கம் அல்லவா? குழம்பிப்போய் மாற்றி எடுத்துவிட்டார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"திருப்பிப் போடு நைனா, வலக்கை ஆயிடும்."

"திருப்பினா பள்ளமா இருக்குது. ஆத்தாளுக்கு முதுகக் காட்டுறதா?" என்று கத்தினார். ஒருமுறை மஞ்சள் துணியில் முடிந்ததை மாற்றவும் கூடாதாம். அந்த இடது கை எங்கள் சாமி படத்துக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டது.

மாத்திரை ஒன்றும் மந்திரம் போடவில்லை. வயிறு எரிந்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு அடுப்பில் வைத்ததுபோல் சுட்டது. மாதவிலக்கு இஷ்டத்துக்கு வந்தது, போனது. போதாக்குறைக்கு, சீட்டை வாங்கிப் பார்த்த மருந்துக்கடைக்காரர் கடை நிறைய ஆள் நிற்கும்போது, "இது கேன்சர் மாத்திரையாச்சேம்மா" என்றார். அன்று சாயந்தரத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் எனக்கென்று தனி டம்ளர் வந்தது. நான் அதில் தண்ணீர் குடிக்கவில்லை. கொடுத்த இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். இன்ஸ்டிடியூட் முதலாளி, "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா, பசங்க வீட்ல ஒருமாதிரி பேசறாங்கோ" என்றார். "பேசறவங்களை மாடிக்கு அனுப்புங்க சார், நான் பதில் சொல்றேன்" என்றேன். யாரும் படியேறி வரவில்லை.

உண்மையைச் சொன்னால், பயமில்லாமல் இல்லை. முதல் சில மாதம் கட்டி சுருங்குவதற்குப் பதில் வளர்ந்தது. ரவிக்கை தைக்கிற அக்காள் என் வலது கைக்கென்று தனி அளவு வைத்திருந்தாள். ஒவ்வொரு முறையும் டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏறியிருக்குது பாப்பா" என்று மெதுவாகச் சொல்லி, தையலைப் பிரித்துவிடுவாள். அந்த நாட்களில்தான் நைனா ஒருநாள் மணிலாக் களத்திலிருந்து நேராக வந்து என் எதிரில் நின்றார்.

"வெட்டிடலாம்மா. நீ இல்லாம போயிட்டா கைய வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?"

அழுதேன். அழுதுகொண்டே, "இன்னும் கொஞ்சம் பாக்கலாம் நைனா" என்றேன். லேடி டாக்டரும் அதையேதான் சொன்னார், அதே சிரிக்காத முகத்தோடு. நான் மாத்திரையை விழுங்கினேன், மோர் குடித்தேன், மரத்த விரலை உதறிவிட்டு வகுப்பெடுத்தேன்.

பொங்கலுக்குப் புது ரவிக்கை தைக்கப் போனபோது அக்காள் டேப்பைச் சுற்றினாள். அவிழ்த்து மறுபடியும் சுற்றினாள்.

"போன தடவை அளவுதான் இருக்குது" என்றாள்.

அதற்கடுத்த முறையும் அதே அளவு. பிறகு ரவிக்கைக் கையைக் கொஞ்சம் பிடித்துத் தைக்க வேண்டி வந்தது. விரல் மரப்பது குறைந்தது. ஆனால் கட்டி கரையவில்லை. ஒரு புளியங்காய்த் துண்டு நீளத்துக்கு உள்ளே கெட்டியாக நின்றுவிட்டது. டாக்டர் மாத்திரையை நிறுத்தினார். இனி அது தூங்கட்டும், எழுந்தால் வா என்றார்.

நைனாவுக்கு இப்போது புதுக் கவலை. கட்டி போகாமல் வேண்டுதலை எப்படிச் செலுத்துவது? போட்டால் பொய்யாகிவிடும், போடாவிட்டால் தெய்வக் குற்றம். சாமி படத்துக்குப் பின்னால் உரு கறுத்துக்கொண்டே இருந்தது. கடைசியில் நானே அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, அவரை மலையனூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். உண்டியலுக்கு எதிரில் நின்று தயங்கினார்.

"கட்டி இன்னும் இருக்குதேம்மா."

"நீ ஆத்தாகிட்ட இன்னா கேட்ட நைனா? கட்டி போவணும்னா, கை இருக்கணும்னா?"

அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கை இருக்கணும்னுதான் கேட்டேன்."

"இருக்குது பாரு" என்று அந்த இடது கையை என் வலது கையால் எடுத்து உண்டியலில் போட்டேன்.