வெள்ளைக்காரருக்குப் போட்ட ஷவர்

கடலைத் தேடி வந்தவர்களுக்காகக் கிணற்றைக் காலி பண்ணிய மடையன் நான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எண்பதுகளின் தொடக்கம். காரைநகரில் கடற்கரைக்குக் கிட்ட இருந்த எங்கள் வீட்டில் இரண்டு அறைகளை வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டேன். அறைக்கொரு ஷவர், கிணற்றடியில் தண்ணீர் இறைக்க மண்ணெண்ணெய் மிசின். இளநீர் விற்றவருக்கும் மீன் கொடுத்தவருக்கும் அவர்களால் நாலு காசு கிடைத்தது. நானோ சுற்றுலா அமைச்சர் மாதிரி நடந்து திரிந்தேன்.

எங்கள் பக்கம் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரித்தான் நிற்கும். மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வந்துவிடும். என் மிசின் இறைத்த இறைப்பில் பக்கத்து வீட்டு அக்காவின் கிணறும் உவர்த்துப் போனது. வேலியடிக்கு வந்தார்.

“உன்ரை வெள்ளைக்காரர் குளிக்க என்ரை அடுப்புத் தண்ணியே கிடைச்சது?”

நான் பகிடி விட்டேன். “இனிக் கறிக்கு உப்பு வாங்கத் தேவையில்லை அக்கா. லாபந்தானே?”

அன்றோடு என்னோடு கதைப்பதை விட்டார். குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கிணற்றுக்கு நடந்தார்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு பயணிகள் எங்கள் வீட்டிலிருந்துதான் புறப்பட்டார்கள்: தம்பிமார் இருவரும் ஜெர்மனிக்கு. வருவதற்கு ஒருவருமில்லை. மிசின் துருப்பிடித்தது. ஒருநாள் விருந்தாளிகளுக்கு வைத்த மணியை நானே அடித்து, “வாறன்” என்று நானே குரல் கொடுத்தேன். வந்ததும் நான்தான்.

சில வருடம் கழித்து ஒரு வெள்ளைக்காரப் பொடியன், வாடகைச் சைக்கிளில், தனியாக வந்து இறங்கினான். சந்தோஷத்தில் மிசினைத் துடைத்து எண்ணெய் ஊற்றி, கயிற்றைச் சுற்றி இழுக்கப் போனேன். வேலிக்கு அப்பால் வாளி தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. அக்கா மறுபடியும் தன் கிணற்றில் அள்ளுகிறார்!

கயிற்றைப் போட்டுவிட்டுப் பொடியனுக்கு வாளியைக் காட்டினேன். அவன் சிரித்துக்கொண்டே இரண்டு வாளியில் குளித்து முடித்தான். விடிந்ததும் போய்விட்டான். முன்னைவிட வீடு வெறிச்சோடியது.

எந்த ஊருக்குப் போனாலும் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் குளிக்கிறேன். பொடியன் போன அன்று காலை தனிமை தாங்காமல் வேலியடிக்குப் போனதிலிருந்து வந்த பழக்கம் அது.

“அக்கா, தண்ணி இப்ப எப்பிடி?”

அவர் நிமிரவில்லை.

“கறிக்கு உப்புப் போடுறன்.”